மலைக்குளிரில் நாதஸ்வரம்: உதட்டுப் புண்ணை ஆற்றுவதும் தடுப்பதும்

தம்பி, இதே தொல்லை உள்ள மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மூன்று ஆண்டுகள் தஞ்சாவூர்ப் பக்கம் நாதஸ்வரம் கற்றுவிட்டு ஊட்டிக்குத் திரும்பியிருக்கிறீர்கள். மார்கழி முதல் தேதியிலிருந்து ஒரு முருகன் கோயிலில் விடியற்காலை ஐந்து மணிக்கு வாசிக்கிறீர்கள். பத்தாம் நாள் கீழுதட்டின் நடுவில் வெடிப்பு விழுந்தது. இப்போது உதட்டின் உட்புறம், முன்பல் படுகிற இடத்தில், மிளகளவு புண். வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டான சீவாளியை வைத்தால் எரிகிறது. மேல் ஸ்தாயிக்குப் போனால் ரத்தம் கசிகிறது. தைப்பூச ஊர்வலத்துக்கு வாக்குக் கொடுத்துவிட்டீர்கள், இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது. என்ன தடவலாம் என்று கேட்கிறீர்கள். சர்ச் பேண்டில் கார்னெட் (ட்ரம்பெட் போன்ற பித்தளை ஊதுகருவி) வாசிக்கும் உங்கள் நண்பருக்கு மேலுதடு வீங்கியிருப்பதையும் சேர்த்து எழுதியிருக்கிறீர்கள்.

நான் கோத்தகிரியில் நாற்பது மார்கழிகளாக வாசித்தவன். என்ன தடவலாம் என்பதற்கும் பதில் சொல்கிறேன். ஆனால் நாளை காலை நீங்கள் சீவாளியை உதட்டில் வைக்கக் கூடாது. புண் ஆறும் வரை வைக்கக் கூடாது. இதைக் கேட்டு மனம் கலங்கும், நாள் சம்பளம் போகும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இருந்தாலும் வேறு வழி கிடையாது. வாயின் உட்தோல் நம் உடம்பில் விரைவாக ஆறும் இடங்களில் ஒன்று. சீண்டாமல் விட்டால் இப்படிப்பட்ட சிறு புண் பெரும்பாலும் ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாளில் மூடிவிடும். தினமும் அதன்மேல் நாணலை வைத்து அழுத்தினால் நேற்று மூடிய மெல்லிய தோல் இன்று கிழியும். அப்படிக் கிழிந்து கிழிந்து ஆறும் இடத்தில் தழும்பு கெட்டியாகும். கெட்டியான உதட்டுக்குச் சீவாளியின் அதிர்வு சரியாகத் தெரியாது. ஒரு வாரச் சம்பளத்தைக் காப்பாற்றப் போய்ப் பல வருட வாசிப்பைக் கெடுத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். கோயிலில் நிலைமையைச் சொல்லுங்கள். இரண்டாவது நாயனம் (நாதஸ்வரம்) வாசிப்பவர் இருந்தால் அவர் ஒரு வாரம் பார்த்துக்கொள்ளட்டும். இல்லையென்றால் குன்னூரிலோ கோத்தகிரியிலோ வாசிக்கும் யாரையாவது கேட்டுப் பாருங்கள். மலையில் நாம் சிலர்தான் இருக்கிறோம், ஒருவருக்கொருவர் இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

இனி வைத்தியம். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்பு கரைத்து, சாப்பிட்ட பிறகும் படுக்கும் முன்பும் கொப்பளியுங்கள். புண் உள்ள இடத்தில் அரை நிமிடம் நீரைத் தேக்கி வைத்துத் துப்புங்கள். உட்புறப் புண்ணுக்கு இதுவே போதும். வெளி வெடிப்புக்கு வாசனையில்லாத வெள்ளை வாசலின், இல்லையென்றால் நெய், அதுவும் இல்லையென்றால் தேங்காய் எண்ணெய். இவற்றுக்குள் பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை. வாசலின் நீண்ட நேரம் நிற்கும், அதனால் இரவுக்கு அது நல்லது. முதலில் உதட்டைத் தண்ணீரால் நனைத்து, ஈரம் முழுவதும் காய்வதற்குள் பூசுங்கள். பூசும் பொருள் ஈரத்தைக் கொண்டுவராது, இருக்கும் ஈரத்தை வெளியே விடாமல் மூடி வைக்கும். காய்ந்த உதட்டில் பூசுவதால் பலன் பாதிதான்.

பூசக் கூடாதவற்றை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் கைக்கு எட்டும் இடத்திலேயே அவை இருக்கின்றன. நீலகிரித் தைலம் வேண்டாம். சளிக்கு ஆவி பிடிக்கலாம், உதட்டுப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. வின்டர்கிரீன் தைலமும் அப்படியே. கடையில் விற்கும் உதட்டுக் களிம்புகளில் கற்பூரம், புதினா உப்பு, லவங்கப்பட்டை வாசனை சேர்ந்தவை பல. பூசியதும் ஜில்லென்று சுகமாக இருக்கும். அந்தச் சுகமே தோலை உறுத்துகிறது, அரை மணியில் மறுபடி பூசத் தோன்றும். படிகாரம் வைக்கச் சொல்லி யாராவது பெரியவர் சொல்லியிருப்பார். படிகாரம் தோலைச் சுருக்கி உலர்த்தும். வெடித்த உதட்டை இன்னும் உலர்த்தினால் வெடிப்பு ஆழமாகும். மரத்துப்போகச் செய்யும் ஜெல் ஒன்று மருந்துக் கடையில் கிடைக்கும். சாப்பிட முடியாத அளவு வலித்தால் சாப்பாட்டுக்கு முன் வைத்துக்கொள்ளலாம். அதை வைத்துக்கொண்டு வாசிக்க மட்டும் கூடாது. வலி தெரியாத உதட்டை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே நமக்குத் தெரியாது.

சாப்பாட்டில் ஒன்றிரண்டு. ஊட்டி வர்க்கியை இந்த வாரம் தொடாதீர்கள், அதன் நொறுங்கல் முனைகள் புண்ணில் குத்தும். பூஜை முடிந்து வந்ததும் கை நடுங்க நடுங்கக் கொதிக்கும் தேநீரை வாயில் வைப்பது நம் எல்லோருடைய பழக்கம். குளிரில் மரத்துப்போன உதட்டுக்குச் சூடு உறைக்காது, சுட்ட பிறகுதான் தெரியும். ஐந்து நிமிடம் ஆறவிட்டுக் குடியுங்கள். தண்ணீரும் குடியுங்கள், குளிரில் தாகம் எடுக்காது என்பதற்காக உடம்புக்கு நீர் வேண்டாம் என்று ஆகிவிடாது.

இனி நான் உண்மையில் பேச விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் உதடு ஏன் புண்ணானது? பனி என்று நினைக்கிறீர்கள். பனிக்கும் பங்கு உண்டு. உதட்டின் சிவந்த பகுதியில் எண்ணெய்ச் சுரப்பியும் இல்லை, வியர்வைச் சுரப்பியும் இல்லை. மேல்தோலும் மற்ற இடங்களைவிட மிக மெல்லியது. கன்னத்துக்கு இருக்கும் எண்ணெய்ப் பூச்சு உதட்டுக்கு இயற்கையாகவே கிடையாது. குளிர்ந்த காற்றில் நீராவி குறைவு. உறைபனி விழும் காலையில் அந்த வறண்ட காற்று உதட்டிலிருந்து ஈரத்தை உறிஞ்சுகிறது. நாம் நாக்கால் நக்கிக்கொள்கிறோம். எச்சில் ஆவியாகும்போது கூடவே இருந்த ஈரத்தையும் கொண்டுபோகிறது. எச்சிலில் இருக்கும் செரிமானப் பொருள்கள் தோலையும் அரிக்கின்றன. நக்க நக்க வெடிக்கும். இதெல்லாம் வெளி வெடிப்புக்கான காரணம். உள்ளே பல் படும் இடத்தில் வந்த புண்ணைப் பனி உண்டாக்கவில்லை. அது அழுத்தத்தால் வந்தது. மூச்சு செய்ய வேண்டிய வேலையை உங்கள் உதடு செய்துகொண்டிருக்கிறது.

தஞ்சாவூரில் மூன்று வருடம் வராத புண் இங்கே பத்தே நாளில் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. ஒலியின் வேகம் காற்றின் சூட்டைப் பொறுத்தது. வெப்பம் ஒரு டிகிரி குறைந்தால் நொடிக்குச் சுமார் 0.6 மீட்டர் வேகம் குறைகிறது. 25 டிகிரியில் நொடிக்கு ஏறக்குறைய 346 மீட்டர். 5 டிகிரியில் ஏறக்குறைய 334. சுமார் மூன்றரை சதவீதம் குறைவு. குழலுக்குள் இருக்கும் காற்றின் ஒலி வேகம் குறைந்தால் அதே விகிதத்தில் சுருதியும் இறங்கும். ஒரு ஸ்வரஸ்தானத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி சுமார் ஆறு சதவீதம். ஆக, குளிர்ந்த நாயனத்தை எடுத்த எடுப்பில் ஊதினால் அரை ஸ்வரஸ்தானம் வரைக்கும்கூடக் கீழே நிற்கலாம். நம் மூச்சின் சூடு ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வரும். ஆனால் பக்கத்தில் இருக்கும் மின்சாரச் சுருதிப் பெட்டிக்குக் குளிர் கிடையாது. அது வைத்த இடத்திலேயே நிற்கிறது. அதோடு சேர வேண்டும் என்று உங்களை அறியாமலே உதட்டை இறுக்குகிறீர்கள். சீவாளியை இறுக்கினால் சுருதி ஏறும் என்பது நம் எல்லோருக்கும் கைவந்த பழக்கம். காலை முதல் அரை மணி முழுவதும் அந்த இறுக்கத்திலேயே போகிறது. சுருதிக்காக ஒத்து என்னும் துணைக் குழலை ஊதிய காலத்தில் இந்தத் தொல்லை குறைவு, ஏனென்றால் ஒத்தும் அதே குளிரில் சேர்ந்து இறங்கும், இரண்டும் சேர்ந்தே சூடேறும்.

எனவே ஆறிய பிறகு செய்ய வேண்டிய முதல் மாற்றம் இதுதான். கோயிலுக்குப் பதினைந்து நிமிடம் முன்னதாகப் போங்கள். காற்றடிக்காத இடத்தில், மடப்பள்ளித் திண்ணையில் உட்கார இடம் கிடைத்தால் இன்னும் நல்லது, சீவாளி செருகாமல், அதைச் செருகும் சிறு உலோகக் குழாயான கெண்டை வழியாக உள்ளே வெறும் மூச்சை விட்டு மெதுவாகச் சூடேற்றுங்கள். உலவின் (மரக் குழலின்) மேல் கம்பளித் துணியைச் சுற்றி வையுங்கள். கணப்பு அடுப்பின் மேல் காட்டாதீர்கள். ஆச்சா மரம் ஒரு பக்கம் மட்டும் திடீரெனச் சூடேறினால் வெடிப்பு விடலாம். இவ்வளவும் செய்த பிறகும் சுருதி கீழே நின்றால், பெட்டியின் திருகைத் திருப்பிச் சுருதியைக் கொஞ்சம் இறக்கிவையுங்கள். கேட்பவருக்கு ஒன்றும் குறையாது. பெட்டியைத் திருப்ப ஒரு விநாடி ஆகும், உதடு ஆறப் பத்து நாள் ஆகிறது.

இரண்டாவது, சீவாளி. உங்கள் கொத்தில் இருப்பவை தஞ்சாவூரில் பழக்கியவை என்று நினைக்கிறேன். காவிரிப் பக்கத்து ஈரக்காற்றில் சரியாகப் பேசிய சீவாளி இங்கே வறண்ட குளிரில் விறைத்துப்போகும். விறைத்த சீவாளி எளிதில் அதிராது. அதிராததை அதிர வைக்க இன்னும் அழுத்துவீர்கள். குளிர் மாதங்களுக்கு என்று கொஞ்சம் மெல்லியதாக, இளகிய வாயாக இரண்டு மூன்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மேலே போகும்போது ஒலி சற்று மெலியும்தான். மார்கழிக் காலையில் சிறிய கோயிலில் அவ்வளவு ஒலி போதும். தேருக்குக் கனத்ததை எடுத்துக்கொள்ளலாம். வாசிக்க எடுக்கும் முன் வெதுவெதுப்பான நீரில் சில நிமிடம் ஊறவையுங்கள். சுடுநீர் கூடாது. வாயில் போட்டே ஊறவைக்கும் வழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது; பத்து நிமிடம் வாயில் வைத்திருந்தால் வாசிக்கும் முன்பே உதடு எச்சிலில் ஊறி, வெளியே எடுத்ததும் காய்ந்து வெடிக்கத் தயாராகிவிடும். மூடியுள்ள சிறிய டப்பாவில் தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். மற்ற சீவாளிகளைச் சட்டையின் உள்பையில், உடம்புச் சூடு படும்படி வைத்திருங்கள். ஊசியால் சீவாளியின் வாயைச் சரிசெய்யும்போது விளிம்பையும் பாருங்கள், பிசிறு எழும்பியிருக்கும் சீவாளி கத்திபோல வேலை செய்யும்.

மூன்றாவதும் கடினமானதும் மூச்சு. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். நீங்கள் இங்கே பிறந்தவர்தான், ஆனால் மூன்று வருடம் சமவெளியில் இருந்துவிட்டு வந்திருக்கிறீர்கள், முதல் சில வாரம் மூச்சு சீக்கிரம் முடிவது இயல்பு. சமவெளியிலிருந்து திருவிழாவுக்கு மேலே வருகிற வித்வான்களும் இதைச் சொல்வார்கள். மூச்சு முடியும் தறுவாயில் ஸ்வரம் தொங்கும், தொங்குவதைப் பிடிக்க உதடு இறுகும். ஒவ்வொரு சங்கதியின் (இசைத் தொடரின்) கடைசி இரண்டு விநாடியில்தான் உதடு அடிபடுகிறது. ஆகவே இங்கே சங்கதியைக் குறுக்குங்கள். தஞ்சாவூரில் ஒரே மூச்சில் வாசித்ததை இங்கே இரண்டாகப் பிரியுங்கள். மூச்சு முழுவதும் தீர்வதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

உதட்டுப் பிடியைச் சோதிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. மத்திய ஸ்தாயி ஷட்ஜத்தை நீட்டிப் பிடித்து, ஒலி சரியாக நிற்கும்போதே உதட்டின் இறுக்கத்தை நூலளவு நூலளவாகத் தளர்த்துங்கள். வயிற்றிலிருந்து வரும் மூச்சை மட்டும் குறைக்காதீர்கள். எந்த இடத்தில் சுருதி தொங்குகிறதோ அதற்குச் சற்று முன்னால் இருப்பதுதான் தேவையான பிடி. அதற்கு மேல் இருந்ததெல்லாம் வீண் இறுக்கம். பெரும்பாலானவர்கள் தேவைக்கு மேல் வெகுவாக இறுக்கியிருப்பார்கள், நானும் என் முப்பதாவது வயது வரை அப்படித்தான் வாசித்தேன். வாய்க்கோடிகள் இரண்டும் உறுதியாக நிற்க வேண்டும், நடு உதடு மெத்தைபோல் இருக்க வேண்டும். கோடி தளர்ந்தால் அந்தப் பாரம் முழுவதும் நடுவுக்கு வந்து பல்லின்மேல் உட்கார்ந்துவிடும்.

பல்லையும் பாருங்கள். கண்ணாடியில் கீழுதட்டை மடித்து, புண்ணுக்கு நேர் எதிரே எந்தப் பல் இருக்கிறது என்று கவனியுங்கள். அந்தப் பல்லின் விளிம்பு உடைந்தோ, வரிசையை விட்டு முன்னால் துருத்திக்கொண்டோ இருந்தால் எத்தனை முறை ஆறினாலும் அதே இடத்தில் திரும்ப வரும். கூரான விளிம்பைப் பல் மருத்துவர் சில நிமிடங்களில் மழமழவென்று ஆக்கித் தருவார். பல்லுக்குக் கம்பி கட்டியிருப்பவர்களுக்கு மருந்துக் கடையில் அதற்கென்றே மெழுகு கிடைக்கிறது, சிறு உருண்டையைப் பல்லின்மேல் ஒட்டிக்கொண்டு வாசிக்கலாம்.

ஒரு விஷயத்தில் நான் செய்த தவறை மறைக்காமல் சொல்ல வேண்டும். பல வருடங்களுக்கு முன், ஒரு தேர்த் திருவிழாவில் என் உதட்டோரத்தில் சுருசுருவென்று தொடங்கி, மறுநாள் சிறு சிறு நீர்க்கொப்புளங்கள் கொத்தாக எழும்பின. உஷ்ணம் என்று நினைத்துக்கொண்டு வாசித்தேன். என்னிடம் படித்துக்கொண்டிருந்த பையனின் சீவாளி கிழிந்துபோனதால் என்னுடையதை எடுத்துக் கொடுத்தேன். பத்து நாளில் அவனுக்கு வாய் முழுவதும் கொப்புளம், காய்ச்சல், தண்ணீர்கூட இறங்கவில்லை. அது ஹெர்பிஸ் என்னும் வைரஸ், எச்சில் வழியாகத் தொற்றும், ஒருமுறை வந்தால் நரம்பில் தங்கிவிடும் என்று மருத்துவர் சொன்னபோதுதான் எனக்குத் தெரிந்தது. அவனுக்கு இன்றும் கடுங்குளிரிலும் கடும் வெயிலிலும் அது திரும்ப வருகிறது. அது என் கையால் கொடுத்தது. அன்றிலிருந்து சீவாளியை யாருக்கும் கொடுப்பதில்லை, யாரிடமும் வாங்குவதில்லை. குருவிடமிருந்து வாங்குவது ஆசீர்வாதம் என்று நினைப்பவர்கள் புதிய சீவாளியாக வாங்கிக்கொள்ளட்டும்.

இந்தக் கொப்புளத்தையும் உங்களுக்கு வந்திருப்பதையும் வேறுபடுத்தத் தெரிய வேண்டும். உதட்டின் வெளி விளிம்பில், முதலில் சுருசுருப்பு, பிறகு கொத்தாக நீர்க்கொப்புளம், பிறகு பொருக்கு என்றால் அது ஹெர்பிஸ். அசைக்ளோவிர் என்ற மருந்து, சுருசுருப்புத் தொடங்கிய முதல் ஓரிரு நாளில் ஆரம்பித்தால்தான் நன்றாக வேலை செய்யும். மருத்துவரிடம் உடனே போங்கள், பொருக்கு உதிரும் வரை வாசிக்காதீர்கள், அப்போது பயன்படுத்திய சீவாளியை எறிந்துவிடுங்கள். நாணல் நுண்துளை உள்ளது, கழுவிச் சுத்தமாக்க முடியாது. உதட்டின் உட்புறம், நடுவில் மஞ்சள் வெள்ளையாகவும் சுற்றிலும் சிவந்தும் வட்டமாக வருவது சாதாரண வாய்ப்புண். அது தொற்றாது, ஒன்றிரண்டு வாரத்தில் ஆறும். வாய்ப்புண்ணுக்குத் தரும் ஸ்டீராய்டு பசையை ஹெர்பிஸ் கொப்புளத்தில் தடவினால் அது பரவும், அதனால் எது என்று தெரியாமல் கடையில் கேட்டு வாங்காதீர்கள். வாய்க்கோடியில் வெடித்து வெள்ளையாக ஊறி நின்றால் அது பூஞ்சைத் தொற்றாகவோ இரும்பு, பி வைட்டமின் குறைவாகவோ இருக்கலாம்; ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. எந்தப் புண்ணானாலும் வாசிப்பை நிறுத்தியும் மூன்று வாரத்தில் ஆறவில்லை என்றாலும், தொட்டால் கெட்டியாக இருந்தாலும், வலியே இல்லாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டாக நின்றாலும் உடனே மருத்துவரிடம் காட்டியாக வேண்டும்.

நீங்கள் வெற்றிலை போடுவீர்களா என்று எழுதவில்லை. நம் தொழிலில் பலர் போடுகிறோம், நான் இருபது வருடம் போட்டேன். சுண்ணாம்பு வெடித்த உதட்டைச் சுடும் என்பது சிறிய சங்கதி. பாக்கே, புகையிலை சேராவிட்டாலும், வாய்ப் புற்றுநோயை உண்டாக்கக் கூடியது. வருடக்கணக்கில் பாக்கு மெல்லுபவர்களுக்கு வாயின் உட்தோல் நார்போல் இறுகி, வாய் திறப்பதே குறைந்துபோகும் நோயும் வருகிறது. அருமையான வித்வான் ஒருவர் அப்படி வாய் திறக்க முடியாமல் வாசிப்பை விட்டதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நான் விட்டேன். தம்பி, பழகாதிருந்தால் பழகாதீர்கள். பழகியிருந்தால் இந்தப் புண் ஆறுவதற்குள் விட்டுவிடுங்கள்.

உங்கள் கார்னெட் நண்பருக்கு. அவருடைய தொல்லையும் அழுத்தம்தான், இடம் வேறு. பித்தளை வாத்தியத்தில் வாய்க்கிண்ணத்தின் வளையம் உதட்டைப் பல்லோடு சேர்த்து அழுத்துகிறது. மேல் ஸ்வரத்துக்குப் போகும்போது கருவியை முகத்தோடு இழுத்துப் பிடிப்பதுதான் குற்றவாளி. வலது கைச் சுண்டுவிரலை மேலே இருக்கும் கொக்கியில் மாட்டி இழுக்கும் பழக்கம் இருக்கும். அந்த விரலைக் கொக்கியிலிருந்து எடுத்துவிட்டு வாசிக்கச் சொல்லுங்கள், எவ்வளவு இழுத்துக்கொண்டிருந்தார் என்பது அவருக்கே புரியும். வீக்கத்துக்குக் குளிர்ந்த நீரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் ஒற்றி வைக்கட்டும்; இரண்டு மூன்று நாள் முழு ஓய்வு. கிறிஸ்துமஸ் பவனிகளுக்குப் பிறகு பலருக்கும் இது வருகிறது, ஏனென்றால் வருடம் முழுவதும் வாரம் ஒருமுறை வாசித்துவிட்டு டிசம்பரில் இரவு மூன்று மணி நேரம் தெருத்தெருவாக வாசிக்கிறார்கள். வாய்க்கிண்ணத்தைச் சட்டைப் பையில் சூடாக வைத்திருக்கட்டும். அதன் வெள்ளிப் பூச்சு தேய்ந்து பித்தளை தெரிந்தால் சிலருக்கு உதட்டைச் சுற்றி அரிப்பும் தடிப்பும் வரும், அப்போது புதியது வாங்க வேண்டும். வாசிக்கும்போது உதட்டுக்குள் ஏதோ அறுந்ததுபோல் சுரீரென்று வலித்து, பிறகு காற்று ஓரத்தில் கசிந்துகொண்டே இருந்தால் அது உதட்டைச் சுற்றியிருக்கும் வளையத் தசையின் கிழிசலாக இருக்கலாம். மருத்துவர் பார்க்க வேண்டியது. ட்ரம்பெட் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங்கின் உதடு இப்படிப் பட்ட பாட்டினால், அந்தத் தசைக் கிழிசலுக்கே மருத்துவத்தில் அவருடைய செல்லப் பெயரான 'சாட்ச்மோ'வை வைத்திருக்கிறார்கள்.

திரும்ப உங்களிடம் வருகிறேன். ஓய்வு நாட்களை வீணாக்க வேண்டாம். தைப்பூசத்துக்கு வாசிக்கப்போகும் மல்லாரியையும் கீர்த்தனைகளையும் வாயால் பாடுங்கள். சீவாளி இல்லாமல் குழலைப் பிடித்து விரல் சாதகம் செய்யுங்கள். ஒரு வாரம் பாடியே சாதகம் செய்தவனின் ராகம் அதற்குப் பிறகு நன்றாகத்தான் இருக்கும்.

புண் மூடி, தொட்டால் வலியில்லாமல் இரண்டு நாள் கழிந்த பிறகு தொடங்குங்கள். முதல் நாள் ஐந்து நிமிடம் வாசித்து, ஐந்து நிமிடம் நிறுத்தி, மறுபடி ஐந்து நிமிடம். மத்திய ஸ்தாயியில் நீண்ட ஸ்வரங்கள் மட்டும், இளகிய சீவாளியில். தினமும் ஐந்து அல்லது பத்து நிமிடம் கூட்டுங்கள். ஒரு வாரம் வரை தார ஸ்தாயி (மேல் ஸ்தாயி) வேண்டாம், வேகமான பிருகாவும் துத்துகாரமும் (நாக்கால் வெட்டி ஊதுவதும்) வேண்டாம். எந்த நாளில் எரிச்சல் தெரிகிறதோ அன்று அங்கேயே நிறுத்தி, மறுநாள் முந்தைய அளவுக்குத் திரும்புங்கள். கணக்குப் பார்த்தால் பத்து நாள் ஓய்வு, இரண்டு வாரம் ஏற்றம். தைப்பூசத்துக்குச் சில நாள் மிச்சமே இருக்கும். அன்றாடம் கோயிலுக்குப் போகும்போது வாயையும் மூக்கையும் கம்பளி மப்ளரால் மூடிக்கொண்டு போங்கள், வாசிக்கத் தொடங்கும் நேரத்தில் கழற்றினால் போதும். வாசிக்கும் முன் வாசலினைச் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள், பிசுக்கு இருந்தால் சீவாளி வழுக்கும், வழுக்கினால் மறுபடி இறுக்குவீர்கள். முடித்ததும் உதட்டை நல்ல தண்ணீரில் நனைத்து உடனே பூசுங்கள்.

ஊர்வலம் பகலில் என்றால் வெயிலையும் கணக்கில் எடுங்கள். குளிர்கிறது என்பதால் நாம் வெயிலை மறந்துவிடுகிறோம். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் பத்து சதவீதம் கூடுகிறது. உதட்டில் அதைத் தடுக்கும் நிறமியும் மிகக் குறைவு, கீழுதடு மேல்நோக்கி நிற்பதால் அதில்தான் அதிகம் விழும். வெயில் காப்பு உள்ள, வாசனையில்லாத உதட்டுக் களிம்பை நடக்கும் நேரத்துக்குப் பூசிக்கொண்டு, நின்று வாசிக்கும் இடத்தில் துடைத்துவிடுங்கள். ஊட்டி எல்க் ஹில் குன்றின் ஏற்றத்தில் தேரோடு நடந்துகொண்டே தொடர்ந்து ஊத முயலாதீர்கள். ஏற்றத்தில் தவில் தனியாகப் பேசட்டும், நாயனம் நிற்கும் இடங்களில் வாசிக்கட்டும். இதைத் தவில்காரரிடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் மகிழ்ச்சியாகவே ஒப்புக்கொள்வார்கள்.

கோத்தகிரிக்கு ஊட்டியிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான். ஓய்வு வாரத்திலேயே ஒரு நாள் வாருங்கள். வாசிக்க வேண்டாம், சீவாளிக் கொத்தை மட்டும் எடுத்து வாருங்கள். அடுப்பங்கரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, எதை மார்கழிக்கு வைப்பது, எதைத் தேருக்கு வைப்பது, எதைத் தூக்கிப் போடுவது என்று பிரித்துவிடலாம்.